விட்டில் பூச்சியைத் தேடிக் கடல் கடந்த மரியா

அந்தப் பெண்மணிக்கு வயது 52. மூட்டை கட்டிக்கொண்டு முன்பின் அறியாத தேசத்துக்குப் புறப்படுகிற வயது அல்ல.

ஆனால் அவர் புறப்பட்டார். தாம் வரைந்த 255 சித்திரங்களை விற்றுப் பணம் சேர்த்தார். உயிரோடு திரும்புவோமோ மாட்டோமோ என்று உயிலும் எழுதி வைத்தார். 21 வயதான இளைய மகளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்.

எங்கே போனார்? அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி, தென் அமெரிக்காவில் உள்ள சூரினாம் நாட்டுக்கு.

எதற்காகப் போனார்? பொன்னும் மணியும் தேடி அல்ல. கரும்புத் தோட்டம் வாங்குவதற்கும் அல்ல.

புழுக்களைப் பார்ப்பதற்காக!

இலையை அரித்துத் தின்னும் புழு, எப்படி இறக்கை முளைத்த பூச்சியாகிறது என்பதைக் காட்டிலே இருந்து கண்ணாரப் பார்க்க வேண்டும். இந்த ஒரே ஆசைதான் அவரைக் கப்பல் ஏற்றியது. அது 1699-ம் ஆண்டு. அவர் பெயர் மரியா சிபில்லா மேரியன்.

சேற்றில் பிறந்ததா?

மரியா 1647-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி, ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தை மத்தேயஸ் மேரியன் பெயர் பெற்ற சித்திரச் செதுக்கர். செப்புத் தகட்டில் நகரங்களின் தோற்றத்தைச் செதுக்கி, அச்சிட்டு, புத்தகங்களாக வெளியிட்டவர்.

மரியாவுக்கு 3 வயதானபோது தந்தை இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு தாய் மறுமணம் செய்துகொண்டார். சிற்றப்பா யாக்கோப் மாரெல் மலர்களைத் தத்ரூபமாக வரைவதில் கைதேர்ந்தவர். அவருடைய சித்திரக்கூடத்தில் மாணவர்கள் பலர் தொழில் கற்றார்கள். சிறுமி மரியாவும் அவர்களோடு உட்கார்ந்து கற்றாள்.

மலர் இருந்தால் இலை இருக்கும். இலை இருந்தால் புழு இருக்கும். மற்றவர்கள் மலரைப் பார்த்தார்கள். மரியா புழுவைப் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் புழு எப்படி உண்டாகிறது என்பது பலருக்குத் தெரியாது. சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்றார்கள் சிலர். அழுகிய பொருளிலிருந்து பிறக்கிறது என்றார்கள் சிலர். படித்தவர்களிலும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். மூடிய பாத்திரத்தில் உள்ள இறைச்சியில் புழு உண்டாவதில்லை, ஈ முட்டை இட்டால்தான் உண்டாகிறது என்று இத்தாலி நாட்டு வைத்தியர் ரெடி சோதனை செய்து எழுதியது 1668-ம் ஆண்டில்தான்.

அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே, 1660-ல், பிராங்க்பர்ட்டில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கியிருந்தாள்.

முட்டை பொரிந்தது. புழு வந்தது. முசுக்கட்டை இலையைத் தின்று தின்று வளர்ந்தது. தோலை உரித்தது. மறுபடியும் வளர்ந்தது. பிறகு தன்னைச் சுற்றித் தானே கூடு கட்டிக்கொண்டது. கூட்டைத் துளைத்துக்கொண்டு வெள்ளை நிறப் பூச்சி வெளியே வந்தது. அது மறுபடியும் முட்டை இட்டது.

பட்டுத் தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனால் மரியாவின் மனம் அதோடு நிற்கவில்லை. தோட்டத்திலும் வேலியிலும் எத்தனையோ புழுக்கள் இருக்கின்றனவே, அவையும் இப்படித்தான் மாறுமோ?

கண்ணில் பட்ட புழுக்களை எல்லாம் பிடித்துப் பெட்டிகளில் வளர்த்தாள். ஒவ்வொன்றும் எந்த இலையைத் தின்கிறது, எந்தத் தேதியில் கூடு கட்டுகிறது, எந்தத் தேதியில் இறக்கையோடு வருகிறது என்று குறித்து வைத்தாள். பக்கத்திலேயே படமும் வரைந்தாள். சில புழுக்கள் பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் ஆயின. பல புழுக்கள் இரவில் விளக்கைச் சுற்றி வரும் விட்டில் பூச்சிகள் ஆயின.

தொட்டிலும் புழுப் பெட்டியும்

1665-ல், 18-வது வயதில், மரியாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை யோஹான் கிராஃப், சிற்றப்பாவின் மாணவர். அவரும் ஓவியர். தம்பதிகள் பின்னர் கணவரின் ஊரான நியூரம்பர்க் நகருக்குக் குடிபோனார்கள். யோஹன்னா, டொரோதியா என்று இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

மரியா சும்மா இருக்கவில்லை. வசதியான வீட்டுப் பெண்களுக்குச் சித்திரமும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தார். துணிகளில் பூக்கள் தீட்டினார். வர்ணங்கள் விற்றார்.

இத்தனைக்கும் நடுவே புழுப் பெட்டிகளையும் கவனித்துக்கொண்டார். வீட்டில் குழந்தைக்கும் உணவு வேண்டும். புழுவுக்கும் புதிய இலை வேண்டும். ஒரு நாள் இலை போடத் தவறினாலும் பல நாள் உழைப்பு வீணாகிவிடும்.

1679-ல் அவருடைய புழுப் புத்தகம் வெளிவந்தது. 50 படங்கள். 1683-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் 50 படங்கள். படித்தவர்களின் லத்தீன் பாஷையில் எழுதாமல், வீட்டில் பேசும் ஜெர்மன் பாஷையில் எழுதினார்.

அந்தப் படங்களில் புதுமை என்ன? மற்றவர்கள் பூச்சியைத் தனியாக வரைவார்கள். செடியைத் தனியாக வரைவார்கள். மரியா ஒரே செடியில் முட்டை, புழு, கூடு, இறக்கை முளைத்த பூச்சி எல்லாவற்றையும் சேர்த்து வரைந்தார். எழுத்துத் தெரியாதவர்கூட அந்தப் படத்தைப் பார்த்தால் ஒரு பூச்சியின் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும்.

சில கூடுகளிலிருந்து விட்டில் வரவில்லை. சிறு ஈக்கள் கூட்டமாக வந்தன. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மறைக்கவில்லை, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். சில ஈக்களும் குளவிகளும் புழுவின் உடம்புக்குள் முட்டை இட்டுவிடும் என்பது இன்று தெரிந்த உண்மை. அவருக்கு விளங்காத புதிருக்கு இதுதான் விடை.

கோட்டைக்குள் 6 ஆண்டு

புழுவின் வாழ்க்கையைப் போலவே மரியாவின் வாழ்க்கையும் ஒரு நாள் அடியோடு மாறியது.

சிற்றப்பா இறந்துவிடவே, தாய்க்குத் துணையாக மரியா பிராங்க்பர்ட் திரும்பினார். கணவருடன் இருந்த உறவு கசந்துபோயிற்று. 1685-ல் கணவரைப் பிரிந்தார். தாயையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஹாலந்து தேசத்துக்குப் போனார். அங்கே வியூவர்ட் என்ற கிராமத்தில், ஒரு பழைய கோட்டைக்குள், கிறிஸ்தவ சபை ஒன்று வாழ்ந்துகொண்டிருந்தது. சொந்தச் சொத்து யாருக்கும் கிடையாது, எல்லாம் பொது. மரியாவும் அதில் சேர்ந்தார்.

கணவர் தேடிக்கொண்டு வந்தார். மரியா திரும்பிப் போக மறுத்துவிட்டார். 300 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் இப்படிச் செய்வது லேசான காரியமா?

1690-ல் தாய் இறந்தார். அடுத்த ஆண்டு மரியா தம் பெண்களோடு ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வந்தார். கணவரின் பெயரை விட்டுவிட்டு, தந்தையின் பெயரான மேரியன் என்பதையே வைத்துக்கொண்டார். 1692-ல் விவாகரத்து ஆயிற்று. தூரிகையை நம்பியே மூவரும் வாழ்ந்தார்கள். பெண்கள் இருவரும் தாயிடமே சித்திரத் தொழில் கற்றார்கள்.

பெட்டிக்குள் செத்த பூச்சிகள்

ஆம்ஸ்டர்டாம் அந்நாளில் உலக வியாபாரத்தின் பெரிய சந்தை. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கப்பல்கள் வந்து குவிந்தன. மிளகும் சர்க்கரையும் மட்டுமா வந்தன? சங்கு, சிப்பி, பாம்பு, பறவை, பூச்சி என்று அதிசயப் பொருள்களும் வந்தன. செல்வர்கள் அவற்றை வாங்கிக் காட்சி அறைகளில் வைத்தார்கள். நகர மேயர் விட்சன், வைத்தியர் ருய்ஷ் போன்றவர்களின் காட்சி அறைகளுக்கு மரியா போனார்.

உள்ளங்கையைவிடப் பெரிய விட்டில்கள்! நீல நிறம் மின்னும் வண்ணத்துப்பூச்சிகள்! பார்த்துப் பிரமித்தார். ஆனால் மனம் நிறையவில்லை.

எல்லாம் செத்த பூச்சிகள். ஊசியில் குத்தி வைத்தவை. இவை எந்த முட்டையிலிருந்து வந்தன? எந்த இலையைத் தின்றன? எப்படிக் கூடு கட்டின? யாருக்கும் தெரியவில்லை.

தெரிய வேண்டுமானால் அவை வாழும் இடத்துக்கே போக வேண்டும். மரியா முடிவு செய்துவிட்டார். அரசரோ சங்கமோ அனுப்பியவர் அல்ல. தம் சித்திரங்களை விற்ற பணத்தில், தம் பொறுப்பில் கிளம்பினார்.

சுமார் இரண்டு மாதக் கடற்பிரயாணத்துக்குப் பிறகு, தாயும் மகளும் சூரினாமின் தலைநகரான பாராமரிபோவில் இறங்கினார்கள்.

கரும்பு நாடு

சூரினாம் அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. ஆற்றங்கரை எங்கும் கரும்புத் தோட்டம். அதற்கு அப்பால் அடர்ந்த காடு. வெயிலும் மழையும் சேர்ந்து புழுங்கும் நாடு.

தோட்டத் துரைமார்களுக்குச் சர்க்கரையைத் தவிர வேறு நினைப்பு இல்லை. புழுத் தேடி வந்த அம்மாளைப் பார்த்து அவர்கள் பரிகாசம் செய்தார்கள். மரியாவோ, இத்தனை செடிகொடிகள் உள்ள நாட்டில் கரும்பைத் தவிர எதையும் பயிரிட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறார்களே என்று வருந்தினார்.

கோடரியால் வழி வெட்டச் சொல்லிக் காட்டுக்குள் போனார். ஆற்றில் படகேறி உள்நாட்டுத் தோட்டங்களுக்கும் போனார். புழுக்களைக் கொண்டுவந்து பெட்டிகளில் வளர்த்தார். தாய் வரைய, மகளும் கூட இருந்து உதவினாள்.

அன்னாசி, கொய்யா, மரவள்ளி, பப்பாளி... இன்று நம் வீட்டுத் தோட்டங்களிலும் சந்தைகளிலும் காணும் இவை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். இவற்றின் மேல் ஊரும் புழுக்களையும் பறக்கும் பூச்சிகளையும் மரியா அங்கே உயிரோடு கண்டு வரைந்தார்.

மயில்கொன்றையின் கதை

வழி வெட்டியவர்கள் யார்? புழு பிடித்துக் கொடுத்தவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும், அடிமைகளாக்கப்பட்ட அந்நாட்டுப் பழங்குடி மக்களும்தான். மரியாவும் அவர்களிடம் வேலை வாங்கினார். எந்தச் செடி மருந்து, எது விஷம் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆனால் அவர்களுடைய பெயர்களை அவர் எழுதி வைக்கவில்லை.

எனினும், அவர்கள் சொன்ன ஒரு துயரத்தை அவர் மறைக்காமல் எழுதினார்.

சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றைச் செடி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் நிற்கும் அழகுச் செடி. சூரினாமிலும் அது உண்டு. அங்கே அடிமைப் பெண்கள் அதன் விதையைத் தின்று கருவை அழித்துக்கொண்டார்கள். ஏன்? பிறக்கும் குழந்தையும் அடிமையாகவே வளர வேண்டுமே என்ற வேதனை! எஜமானர்களின் கொடுமை தாங்காமல் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மறுபிறவியில் சொந்த நாட்டில் சுதந்திரமாகப் பிறப்போம் என்று அவர்கள் நம்பினார்கள்.

இதை அந்தப் பெண்களே தம்மிடம் கூறியதாக மரியா எழுதினார். பூச்சிகளைப் பற்றிய புத்தகத்தில், ஒரு பூவின் படத்தோடு, இந்தச் செய்தியும் அச்சேறியது. சர்க்கரைக்குப் பின்னால் இருந்த கண்ணீரை ஐரோப்பாவில் படித்தவர்கள் அதில் அறிந்தார்கள்.

வெள்ளைச் சூனியக்காரி

அந்தக் காடுகளில் ஒரு பெரிய விட்டில் உண்டு. ஆந்தை விட்டில்கள் எனப்படும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. ஆந்தையைப் போல இரவில் திரியும். இறக்கையை விரித்தால் ஓரடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. உலகிலுள்ள விட்டில்களிலும் வண்ணத்துப்பூச்சிகளிலும் இதற்கு மேல் அகலமாக இறக்கை விரிப்பது வேறு இல்லை.

வெண்மையான இறக்கையில் கறுப்பும் பழுப்புமாக அலை அலையான கோடுகள். பகலில் மரத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். பார்க்கிறவனுக்கு மரப்பட்டை போலத் தோன்றும். இருட்டில் பறந்தால் பேய் பறப்பது போலத் தோன்றும். அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு வெள்ளைச் சூனியக்காரி என்று பெயர் வந்தது. அக்ரிப்பினா என்ற விஞ்ஞானப் பெயரை 1776-ல் டச்சுக்காரரான கிராமர் வைத்தார்.

அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் படம் மரியாவின் புத்தகத்தில் வெளிவந்துவிட்டது.

நோயும் புத்தகமும்

இரண்டு ஆண்டு முடிவதற்குள் மரியாவின் உடம்பு கெட்டது. கடுமையான நோயில் படுத்தார். உயிர் தப்ப வேண்டுமானால் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிலைமை. 1701 ஜூன் மாதம் கப்பல் ஏறினார். சித்திரங்களும், பதப்படுத்திய பூச்சிகளும், கூடுகளும் உடன் வந்தன. அந்நாட்டுப் பழங்குடிப் பெண் ஒருத்தியும் கூட வந்தாள்.

வந்ததும் ஓய்வு எடுக்கவில்லை. தேர்ந்த செதுக்கர்களை வைத்துச் செப்புத் தகடுகள் தயாரித்தார். செலவுக்காகப் பூச்சிகளை விற்றார்; முன்பணம் கட்டுவோரைத் தேடினார். 1705-ல் சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய பெரிய புத்தகம் வெளிவந்தது. 60 படங்கள். டச்சு, லத்தீன் ஆகிய இரு பாஷைகளில் அச்சாயிற்று. ஐரோப்பாவின் அறிஞர்கள் அதை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

பொய் சொன்னாரா?

ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு பழியும் வந்தது.

ஒரு படத்தில், கொய்யாக் கிளையில் பெரிய மயிர்ச் சிலந்தி ஒன்று சின்னஞ்சிறு பறவையைப் பிடித்துத் தின்கிறது. சிலந்தியாவது, பறவையைத் தின்பதாவது என்று பிற்காலத்து அறிஞர் சிலர் கேலி செய்தார்கள். ஒரு பெண் கட்டிய கற்பனை என்று தள்ளினார்கள்.

மரியா இறந்து நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகும் சமயம். அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் தங்கியிருந்த ஆங்கிலேயர் பேட்ஸ், 1863-ல் தம் புத்தகத்தை வெளியிட்டார். பெரிய சிலந்தியின் பிடியில் இரண்டு சிறு குருவிகளைத் தம் கண்ணாலேயே கண்டதாக அதில் எழுதினார்! மரியா பொய் சொல்லவில்லை என்பது விளங்கிற்று.

அப்படியானால் மரியா தவறே செய்யாதவரா? அப்படியும் இல்லை.

நீண்ட தலை கொண்ட ஒரு பூச்சி இரவில் விளக்குப் போல ஒளி வீசும் என்று அவர் எழுதினார். அந்தப் பூச்சி ஒளி வீசுவதில்லை என்று பின்னால் தெரிந்தது. வெள்ளைச் சூனியக்காரியின் படத்தில் அவர் ஒரு புழுவையும் சேர்த்து வரைந்தார். அது அந்த விட்டிலின் புழுவே அல்ல என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இந்தத் தவறுகளைக் கண்டுபிடித்தவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பூச்சியை உயிரோடு கவனித்தார்கள். புழுவையும் பூச்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 13 வயதில் மரியா எந்த வழியில் நடந்தாரோ அதே வழியில் நடந்துதான் அவரைத் திருத்தினார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து கேலி செய்தவர்களால் அது முடியவில்லை.

கடைசி நாட்கள்

1715-ல் மரியாவைப் பக்கவாதம் தாக்கியது. 1717-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, 69-வது வயதில், ஆம்ஸ்டர்டாமில் அவர் உயிர் நீத்தார்.

அவர் கையால் தீட்டிய சித்திரங்கள் பலவற்றை, ஏறக்குறைய அதே நாட்களில், ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டருக்காக அவருடைய வைத்தியர் விலைக்கு வாங்கினார். சிறு வயது முதல் புழுக்களைக் குறித்து வைத்த குறிப்புப் புத்தகமும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தாயோடு சூரினாம் சென்ற டொரோதியா, புழுப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தை 1717-ல் வெளியிட்டு, பிறகு தாமும் ரஷ்யா சென்று அங்கே சித்திரம் தீட்டினார். மூத்த மகள் யோஹன்னாவும் சும்மா இருக்கவில்லை. அவரும் 1711-ல் சூரினாமுக்குக் கப்பல் ஏறியிருந்தார்.

செடி, பிராணிகளுக்கெல்லாம் முறையாகப் பெயர் சூட்டிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், பல பூச்சிகளுக்கு மரியாவின் படங்களையே ஆதாரமாகக் கொண்டார். பூட்டிக் கிடந்த அந்தக் குறிப்புப் புத்தகம் 1976-ல் அச்சாகி வெளிவந்தது.

பிறகு ஜெர்மனியில் 500 மார்க் பணநோட்டு ஒன்று வந்தது. 2002-ல் யூரோ நாணயம் புழக்கத்துக்கு வரும்வரை அது ஜனங்களின் கைகளில் இருந்தது. அதன் முன்பக்கத்தில் மரியாவின் முகம். கப்பல் கூலிக்காகத் தம் சித்திரங்களை விற்ற அதே மரியாவின் முகம்!

நோட்டைத் திருப்பினால், பின்பக்கத்தில் ஒரு காட்டுப் பூச்செடி. அந்தச் செடியிலே ஒரு புழு. கூடவே ஒரு விட்டில்.